மயக்கமருந்து கொடுத்து நிகழும் பாலியல் வன்கொடுமை: வளரிளம் பருவத்தினருக்கான மருத்துவப் பராமரிப்பு – முக்கியக் குறிப்புகள்

(எம்.ஆர்.பி. செவிலியர், சீருடைப் பணியாளர் எஸ்.ஐ., டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதுவோருக்கு)

இந்தப் பாடத்தைப் பிரிவு எண் வரிசையில் மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் குழம்பும். மணிக்கணக்கு வரிசையில் படித்தால் நிற்கும். உடலிலிருந்து மருந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது, கர்ப்பத்தையும் எச்.ஐ.வி.யையும் தடுக்கும் கெடுவும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் காவல்துறைக் கடிதம் வரும்வரை மருத்துவமனை காத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. கீழுள்ள குறிப்புகள் எல்லாம் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே வருகின்றன.

1. இடமும் நிறுவனங்களும்

• அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ள இடம்: முண்டியம்பாக்கம். சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ளது.
• கல்லூரி தொடங்கப்பட்ட ஆண்டு: 2010. இணைப்பு: தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.
• விழுப்புரம் மாவட்டம் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்த ஆண்டு 1993. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019.
• வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகங்களுள் ஒன்று விழுப்புரத்தில் உள்ளது. துறையின் தலைமையகம் சென்னை.
• மாவட்ட எல்லையை ஒட்டிப் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசமும் அங்குள்ள ஜிப்மர் மருத்துவமனையும் உள்ளன. சம்பவம் ஒரு பக்கமும் சிகிச்சை மறுபக்கமும் நடக்கலாம். சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும் (ஜீரோ எஃப்.ஐ.ஆர்.): பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 173.

2. அடிப்படை வரையறைகள்

• வளரிளம் பருவம்: 10 முதல் 19 வயது. உலக சுகாதார அமைப்பும், 2014 ஜனவரி 7-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டமும் (ஆர்.கே.எஸ்.கே.) இதே வரம்பைக் கொள்கின்றன.
• போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டப்படி குழந்தை: 18 வயது நிறையாதவர், ஆண் பெண் இருபாலரும்.
• மருந்து வழி வன்கொடுமை இரு வகை. (அ) திட்டமிட்டு, தெரியாமல் மருந்து கலந்து கொடுத்துச் செய்வது. (ஆ) தானே மது அருந்தியோ மருந்து உட்கொண்டோ நினைவிழந்திருப்பவரின் நிலையைப் பயன்படுத்திக்கொள்வது. இரண்டும் குற்றமே.
• இத்தகைய நிகழ்வுகளில் உலகெங்கும் அதிகம் காணப்படும் பொருள் மது. பென்சோடயசெபின் வகைத் தூக்க மாத்திரைகள், சோல்பிடெம், கெட்டமின், ஜி.எச்.பி. போன்றவை அதற்கு அடுத்தே வருகின்றன. "மயக்கமருந்து" என்றதும் அரிய வெளிநாட்டுப் பொருளை மட்டும் நினைப்பது தவறு.
• அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடெம் ஆகியவை மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ளன. இந்த அட்டவணை நடைமுறைக்கு வந்தது 2014 மார்ச் 1. மருந்துச் சீட்டு கட்டாயம். கடைக்காரர் தனிப் பதிவேட்டை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

3. அவசரப் பிரிவில் முதல் வேலை

• உயிர்காப்பு முதலில்: மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், நினைவுநிலை, ரத்தச் சர்க்கரை. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்து உண்டு. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.
• எஃப்.ஐ.ஆர்., மாஜிஸ்திரேட் கடிதம், வேறு எந்த ஆவணமும் கேட்டுச் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது: போக்சோ விதிகள் 2020, விதி 6.
• அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனைகளும் இலவசமாக, உடனே சிகிச்சை தர வேண்டும்; உடனே காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும்: பி.என்.எஸ்.எஸ். பிரிவு 397. மறுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்: பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) பிரிவு 200.
• வரலாறு கேட்கும்போது பிள்ளை சொன்ன சொற்களையே எழுத வேண்டும். "நினைவில்லை" என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். மதுவும் பென்சோடயசெபினும் புதிய நினைவு பதிவதைத் தடுப்பவை. எனவே துண்டுதுண்டான நினைவு பொய்க்கு அடையாளம் அல்ல.
• கேட்க வேண்டியவை: கடைசியாகத் தெளிவாக நினைவிருப்பது எது, விழித்ததும் முதலில் நினைவிருப்பது எது, என்ன குடித்தார் அல்லது சாப்பிட்டார், அதன்பின் எத்தனை முறை சிறுநீர் கழித்தார், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள் எவை. தானாக மது அருந்தினாரா என்பதும் ஆய்வக முடிவைப் புரிந்துகொள்ளவே கேட்கப்படுகிறது. குற்றம் சாட்டும் தொனி கூடாது.
• உடலில் காயம் இல்லாததை வைத்து "வன்கொடுமை நடக்கவில்லை" என்று எழுதக் கூடாது. மயங்கிக் கிடந்தவர் எதிர்த்துப் போராடியிருக்க மாட்டார். காயம் இல்லாதது அங்கே எதிர்பார்க்கத்தக்கதே.

4. சம்மதமும் பரிசோதனையும்

• பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவர்களின் மருத்துவப் பராமரிப்புக்கான மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறை வெளியான ஆண்டு: 2014. இது எல்லாப் பாலினத்தவருக்கும் பொருந்தும்.
• 12 வயதும் அதற்கு மேலும்: பிள்ளையின் சொந்தச் சம்மதம் தேவை. 12 வயதுக்குக் கீழ்: பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம்.
• சிகிச்சை, தடயம் எடுத்தல், காவல்துறைக்குத் தெரிவித்தல் ஆகியவை குறித்துத் தனித்தனியே விளக்க வேண்டும். தடயப் பரிசோதனையை மறுத்தாலும் சிகிச்சை நிற்காது.
• மயக்கம் தெளியாதவரிடம் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. உயிர்காப்புச் சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டாம். தடயப் பரிசோதனைக்குத் தெளிவு வரும்வரை காத்திருக்க வேண்டும்.
• போக்சோ பிரிவு 27: எஃப்.ஐ.ஆர். பதியாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோர் அல்லது பிள்ளை நம்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையெனில் மருத்துவமனைத் தலைவர் நியமிக்கும் பெண் உடனிருப்பார்.
• இருவிரல் பரிசோதனைக்கு முழுத் தடை (தீர்ப்புகள்: குறிப்பு 10).

5. நச்சியல் மாதிரிகள்

• மிக முக்கியமான மாதிரி: முதல் சிறுநீர். வந்தவுடன் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டால் சிறந்த சாட்சியம் போய்விடும். சிறுநீர் கழித்தே ஆகவேண்டும் என்றால் சுத்தமான டப்பாவில் பிடித்து வைக்க வேண்டும்.
• ரத்தம்: சம்பவம் நடந்து 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் பயன் அதிகம். சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் கலந்த சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்க வேண்டும். இவை ரத்தத்திலுள்ள ஆல்கஹால் அளவு மாறாமல் காக்கும்.
• சிறுநீர்: 120 மணி நேரம், அதாவது 5 நாள் வரை எடுக்கலாம்.
• சில பொருட்கள் அரை நாளுக்குள் சிறுநீரிலிருந்தும் மறைந்துவிடும். ஆகவே "மருந்து கண்டறியப்படவில்லை" என்ற ஆய்வக அறிக்கை, மருந்து கொடுக்கப்படவில்லை என்பதற்குச் சான்று ஆகாது.
• தாமதமாக வந்தால் தலைமுடி மாதிரி உதவலாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், சம்பவம் நடந்து சுமார் 4 வாரம் கழித்து எடுக்க வேண்டும்.
• மாதிரிக்கு முத்திரை, பெயர்ச்சீட்டு, எடுத்த நேரம், கொடுத்தவர் – வாங்கியவர் கையெழுத்து ஆகிய நான்கும் வேண்டும். இந்தச் சங்கிலி அறுந்தால் நீதிமன்றத்தில் மாதிரி நிற்காது.
• மருத்துவமனை ஆய்வகத்தின் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை எல்லாப் பொருட்களையும் காட்டாது. தடய அறிவியல் ஆய்வகத்தின் உறுதிப் பரிசோதனை தேவை.

6. மணிக்கணக்கு – ஒரே பார்வையில்

• 24 மணி: மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புதல் (பி.என்.எஸ்.எஸ். 184), குழந்தைகள் நலக் குழுவுக்குக் காவல்துறை தகவல், பிள்ளையின் உடல்நிலை பற்றி மருத்துவர் காவல்துறைக்குத் தரும் அறிக்கை (விதி 6), ரத்த மாதிரி.
• 72 மணி: எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்கும் கடைசிக் கெடு. அவசரக் கருத்தடை மாத்திரை நன்கு பலன் தரும் காலம்.
• 96 மணி: உடலிலிருந்து ஸ்வாப் தடயம் எடுக்கும் வரம்பு. 72 மணிக்குப் பின் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஆனாலும் நேரம் சரியாகச் சொல்ல முடியாதவர்களுக்காக இந்த நீட்டிப்பு. மயங்கியிருந்தவர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும்.
• 120 மணி: சிறுநீர் நச்சியல், அவசரக் கருத்தடையின் வெளிவரம்பு.
• 7 நாள்: மருத்துவ அறிக்கையைப் புலனாய்வு அதிகாரிக்கு அனுப்பும் கெடு (பி.என்.எஸ்.எஸ். 184).
• 28 நாள்: எச்.ஐ.வி. தடுப்பு மருந்து உட்கொள்ளும் காலம்.
• 2 மாதம்: புலனாய்வை முடிக்கும் கெடு (பி.என்.எஸ்.எஸ். 193).
• 24 வாரம்: கருக்கலைப்புக்கான மேல்வரம்பு (குறிப்பு 8).
• 1 ஆண்டு: சிறப்பு நீதிமன்றம் இயன்றவரை விசாரணையை முடிக்க வேண்டிய காலம் (போக்சோ 35). சிறார் சாட்சியம் 30 நாளுக்குள் பதிவாக வேண்டும்.

7. நோய்த் தடுப்பு

• எச்.ஐ.வி.: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டு மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன். ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் தொடர் கண்காணிப்பு. தொடக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை. பின்னர் 6 வாரத்திலும் 3 மாதத்திலும்.
• ஹெபடைடிஸ் பி: தடுப்பூசி போடாதவருக்கு 0, 1, 6 மாத அட்டவணை.
• டெட்டனஸ் தடுப்பூசி: காயம் இருந்தால்.
• பால்வினை நோய்களுக்கான தடுப்பு ஆன்டிபயாடிக்: நோய் அறிகுறி தோன்றும்வரை காத்திருக்காமல் முதல் வருகையிலேயே.
• எச்.பி.வி. தடுப்பூசி: முன்பு போடாத வளரிளம் பருவத்தினருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.
• மயக்கம் தெளியாதவருக்கு வாய்வழி மாத்திரை கொடுக்கக் கூடாது. விழுங்கும் திறன் திரும்பியதும் கொடுக்க வேண்டும். கெடு ஓடுவதால் பணி நேரம் மாறும்போது அடுத்த செவிலியரிடம் இதை எழுத்தில் ஒப்படைக்க வேண்டும்.

8. கர்ப்பம்

• பூப்படைந்த சிறுமிகள் அனைவருக்கும் முதலில் கர்ப்பப் பரிசோதனை. அவசரக் கருத்தடை: லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மி.கி., ஒரே வேளை. பிள்ளையிடமும் பெற்றோரிடமும் இதுபற்றிப் பேசுவது விதி 6-இன்படி மருத்துவரின் கடமை. ஏறக்குறைய 3 வாரம் கழித்து மறு பரிசோதனை.
• கருக்கலைப்புத் திருத்தச் சட்டம் 2021: பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் வரம்பு 20 வாரத்திலிருந்து 24 வாரமாக உயர்ந்தது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து, 20 முதல் 24 வாரம் வரை இரு மருத்துவர் கருத்து. 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் தேவை.
• 24 வாரம் கடந்தால் உயர் நீதிமன்றத்தையோ உச்ச நீதிமன்றத்தையோ அணுக நேர்கிறது. மயங்கியிருந்ததால் நடந்தது தெரியாமல் மாதங்கள் கழித்து வரும் பிள்ளைகளுக்கு இது நடைமுறைச் சிக்கல்.
• கருத்திசுவைத் தடயமாகப் பாதுகாத்து டி.என்.ஏ. ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

9. மனநலமும் மறுவாழ்வும்

• விதி 6-இல் பலர் கவனிக்காத பகுதி: பிள்ளைக்கு மருந்தோ போதைப்பொருளோ கொடுக்கப்பட்டது தெரியவந்தால், போதை மீட்புத் திட்டத்தின் வசதி கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும்.
• உலக சுகாதார அமைப்பு குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான தனி மருத்துவ வழிகாட்டியை வெளியிட்ட ஆண்டு: 2017. அதன் அடிப்படை: குறுக்கிடாமல் கேட்பது, நம்புவதைத் தெரிவிப்பது, பாதுகாப்பை உறுதிசெய்வது, தொடர்ந்து துணை நிற்பது.
• தூக்கமின்மை, படிப்பில் சரிவு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றை ஒவ்வொரு மறுவருகையிலும் கேட்க வேண்டும். நினைவு இல்லாததே சிலருக்குப் பெரிய வேதனை: என்ன நடந்தது, யாரேனும் படம் எடுத்தார்களா என்ற அச்சம். படமோ காணொளியோ இருப்பதாகத் தெரிந்தால் அதையும் தெரிவிக்க மருத்துவமனை, ஓட்டல், லாட்ஜ், ஸ்டூடியோ ஊழியர்கள் கடமைப்பட்டவர்கள்: போக்சோ 20.
• ஆதரவு நபர்: விதி 4. சட்ட உதவி: விதி 7. உணவு, உடை, போக்குவரத்துக்கு உடனடிச் சிறப்பு நிவாரணம்: விதி 8, பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள். இழப்பீடு: விதி 9, உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள்.
• உதவி எண்கள்: குழந்தைகள் 1098, பெண்கள் 181, அவசரம் 112, டெலி மானஸ் 14416.

10. சட்டமும் தீர்ப்பும்

• போக்சோ சட்டம் 2012: நடைமுறைக்கு வந்த நாள் 2012 நவம்பர் 14. திருத்தம் 2019. புதிய விதிகள் 2020 மார்ச்.
• புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த நாள்: 2024 ஜூலை 1.
• பழையது – புதியது: இந்திய தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 328 (மயக்கமருந்து கொடுத்தல்) – பி.என்.எஸ். 123, 10 ஆண்டு வரை சிறை. இ.த.ச. 375 – பி.என்.எஸ். 63. இ.த.ச. 228ஏ (அடையாளத்தை வெளியிடுதல்) – பி.என்.எஸ். 72. குற்றவியல் விசாரணை முறைச் சட்டம் (கு.வி.மு.ச.) 164ஏ – பி.என்.எஸ்.எஸ். 184. கு.வி.மு.ச. 357சி – பி.என்.எஸ்.எஸ். 397.
• பி.என்.எஸ். 63: போதையிலோ மயக்கமருந்தின் பிடியிலோ, தன்மையும் விளைவும் புரியாத நிலையில் தரும் சம்மதம் சம்மதமே அல்ல. 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதத்துக்கு மதிப்பே இல்லை.
• போக்சோ 19: அறிந்தவர் அனைவரும் தெரிவிக்க வேண்டும், மருத்துவர்–நோயாளி ரகசியம் விலக்கு ஆகாது. போக்சோ 21: தெரிவிக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், நிறுவனத் தலைவர் எனில் ஓராண்டு வரை. பிள்ளைக்கு இந்தத் தண்டனை பொருந்தாது.
• போக்சோ 5: மருத்துவமனை ஊழியரே குற்றவாளி எனில் அது கடுமையாக்கப்பட்ட குற்றம். கூட்டாகச் செய்தாலும், 12 வயதுக்குட்பட்டவரிடம் செய்தாலும், கர்ப்பமாக்கினாலும் அப்படியே.
• லில்லு எதிர் ஹரியானா அரசு (2013): இருவிரல் பரிசோதனை தனியுரிமையையும் கண்ணியத்தையும் மீறுகிறது.
• சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை (2022 ஏப்ரல்): இதைத் தடைசெய்யத் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவு.
• ஜார்க்கண்ட் அரசு எதிர் சைலேந்திர குமார் ராய் (2022 அக்டோபர் 31): இதைச் செய்யும் மருத்துவர் தொழில் ஒழுங்கீனம் புரிந்தவர்.
• மகாராஷ்டிர அரசு எதிர் மாரோதி காசிநாத் பிம்பல்கர் (2022 நவம்பர் 2): அறிந்தும் தெரிவிக்காத மருத்துவர் மீதான வழக்கைத் தொடக்கத்திலேயே ரத்து செய்யக் கூடாது.

11. தமிழ்நாட்டு நிகழ்வுகள்

• சென்னை அயனாவரம் வழக்கு: 2018 ஜூலையில் 17 பேர் கைது. சிறுமிக்கு மயக்கம் தரும் பொருள் கொடுத்து மாதக்கணக்கில் வன்கொடுமை செய்ததாகக் குற்றச்சாட்டு. 2020 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்துத் தண்டித்தது.
• விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம்: 2023 பிப்ரவரியில் மீட்கப்பட்டவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பாலியல் வன்கொடுமைப் புகார்களும் எழுந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது.


12. உலக அளவில்

• அமெரிக்காவின் மருந்து வழி வன்புணர்வுத் தடுப்புச் சட்டம்: 1996.
• ஐ.நா. போதைப்பொருள் ஆணையத் தீர்மானம் 52/8: 2009. தடயப் பகுப்பாய்வுக்கான ஐ.நா. வழிகாட்டி: 2011. ஜி.எச்.பி. 1971 ஒப்பந்தத்தின் 4-ஆம் அட்டவணையிலிருந்து 2-ஆம் அட்டவணைக்கு மாறியது: 2013.

13. தேர்வர்கள் சறுக்கும் இடங்கள்

• 18, 19 வயதினர் "வளரிளம் பருவத்தினர்"; ஆனால் போக்சோவின்கீழ் வரமாட்டார்கள். பெண் எனில் பி.என்.எஸ். 64 பொருந்தும். ஆண் எனில் பி.என்.எஸ்.ஸின் வன்புணர்வுப் பிரிவு பொருந்தாது, இ.த.ச. 377-க்கு ஈடான பிரிவும் புதிய சட்டத்தில் இல்லை.
• சம்மத வயது இரண்டு: மருத்துவப் பரிசோதனைக்கு 12, பாலுறவுக்கு 18.
• "பெண் மருத்துவர்" கட்டாயம் சிறுமிக்கு மட்டும். சிறுவனுக்கு அந்த விதி இல்லை.
• பரிசோதனைக்கு அனுப்ப 24 மணி. அறிக்கை அனுப்ப 7 நாள். இரண்டையும் மாற்றி எழுதாதீர்கள்.

14. மாதிரி வினாவும் விடைச் சட்டகமும்

வினா: திண்டிவனத்திலிருந்து 16 வயதுச் சிறுமியைத் தாய் முண்டியம்பாக்கம் அவசரப் பிரிவுக்கு அழைத்து வருகிறார். முந்தைய நாள் மாலை ஒரு வீட்டில் குளிர்பானம் குடித்ததும் மயங்கியதாகவும், 20 மணி நேரம் ஆகிவிட்டதாகவும் சொல்கிறார். புகார் இன்னும் கொடுக்கவில்லை. பணியிலுள்ள செவிலியரின் கடமைகள் யாவை? (வினாவுக்காக அமைத்த கற்பனைச் சூழல்.)

விடை: (1) மூச்சும் நினைவும் சரிபார்த்துத் தனி அறை தருதல். (2) கழிப்பறைக்கு அனுப்பும் முன் சிறுநீரைப் பிடித்தல். ரத்தத்தின் 24 மணி வரம்பில் மீதி 4 மணி என்பதால் பெண் மருத்துவரை உடனே அழைத்தல். (3) சிறுமி தெளிந்திருந்தால் அவளது சொந்தச் சம்மதம் பெறுதல். தாய் உடனிருப்பார், ஆனால் தாயின் சம்மதம் சிறுமியின் சம்மதத்துக்கு ஈடாகாது. (4) விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) பதிவு செய்து மருத்துவமனை வழியே காவல்துறைக்குத் தகவல். புகார் வரவில்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதிருத்தல். (5) கர்ப்பப் பரிசோதனை, அவசரக் கருத்தடை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் வேளை ஆகிய மூன்றும் அன்றே. (6) மாதிரிகளை முத்திரையிட்டுக் கையெழுத்துடன் ஒப்படைத்தல். (7) மனநல ஆலோசனை, மறுவருகைத் தேதி. பெயரும் முகவரியும் வார்டுக்கு வெளியே போகாமல் காத்தல். முதல் இரண்டையும் வரிசை மாற்றி எழுதினால் மதிப்பெண் குறையும்; வார்டிலும் அந்த வரிசைதான்.